வலக்கைக்கு வந்த ஞானம்

"பேச்சிமுத்துவை இன்றே மடத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும், தாயே," என்றார் தாணுமாலையன்.

உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்து நொச்சிக் கொத்துகளிலிருந்து இலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவனை அனுப்பிட்டா அடுப்பை யாரு எரிப்பா? நீங்களா, அண்ணாச்சி?"

அவள் அந்த மடத்தின் குரு. வயது நாற்பத்தொன்று.

தாணுமாலையன் அவளுடைய மூத்த சீடர். வயது ஐம்பத்தெட்டு.

அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு சீடனை அண்ணாச்சி என்று அழைப்பதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை என்று தொடக்கத்தில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மூன்று ஐயங்களோடு அந்த மலையடிவாரத்துக்கு வந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டு தவத்தில் அவை நாற்பதாகப் பெருகியிருந்தன.

"அவன் கொதிநீர் ஊற்றுகிறான்," என்றார். "நான்கு நாளாக. நான்கு நாளும் கை வைத்தேன். நான்கு நாளும் சுட்டது."

"நாலு நாளுமா?"

"நான்கு நாளும்."

உலகம்மை இலை உருவுவதை நிறுத்தினாள்.

*

அந்த மடத்துக்கு மூட்டு இறுகியவர்கள் வருவார்கள். வீக்கம் வடிந்தும் விறைப்பு விடாத விரல், மடங்காத முழங்கால், திரும்பாத மணிக்கட்டு.

நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நீரைக் கல்தொட்டியில் ஊற்றுவார்கள். நோயாளி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கையையும் காலையும் அதில் அமிழ்த்த வேண்டும். தினம் ஒரு நாழிகை. மொத்தம் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள்.

நீர் சூடு அதிகமானால் தோல் பொத்துப்போகும். குறைந்தால் மூட்டு இளகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது.

அந்தப் பதத்தைப் பார்க்க ஒருவர்.

முன்னொரு காலத்தில் எல்லோருமே கை விட்டுப் பார்த்தார்களாம். நான்கு கைகள், ஐந்து அபிப்பிராயங்கள். விவாதம் முடிவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது.

அன்று முதல் ஒரு விதி. பதம் பார்ப்பவரின் கைக்கு மேல் வேறு கை கிடையாது. அவர் 'பதம்' என்றால் பதம். 'சூடு' என்றால் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் சேர்க்க வேண்டும். வேறு யாரும் ஒரு விரலைக்கூட நீரில் வைக்கக் கூடாது. குருவும்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பதம் பார்ப்பவர் தாணுமாலையன்.

*

"பேச்சிமுத்து என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள் உலகம்மை.

"தினமும் பதினோரு விறகுதான் வைக்கிறானாம். ஒன்று கூடவில்லையாம், ஒன்று குறையவில்லையாம்."

"அது சரியாத்தானே இருக்கு?"

"தாயே, ஒன்றை அறிவதற்கான அளவைகள் மூன்று. காட்சி, கருதல், உரை. விறகை எண்ணிச் சூட்டைச் சொல்வது கருதல். நான் தொட்டு அறிவது காட்சி. காட்சி வந்து நிற்கும்போது கருதல் எழுந்து இடம் விட வேண்டும்."

"அவன் எதுக்குக் கொதிநீர் ஊத்தணும்?"

"பகை."

"உங்க மேலயா?"

"துண்டு விஷயம்."

உலகம்மைக்குத் துண்டு விஷயம் தெரியும். நோயாளிகளின் துண்டுகள் மாறிப்போகின்றன என்று ஆறு நாளுக்கு முன்னால் தாணுமாலையன் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினார். பெயரோடு நிறுத்தவில்லை. ஊர், தந்தை பெயர், நோயின் பெயர், மடத்துக்கு வந்த நாள், அந்த நாளின் நட்சத்திரம்.

பேச்சிமுத்து தன் மனைவியின் துண்டை விரித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"எழுத்து நல்லா இருக்கு அய்யா," என்றான். "துடைக்க இடம் எங்க?"

மடமே சிரித்தது. உலகம்மையும்தான். கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அன்று என்னைச் சுட்டது போதாதென்று இப்போது தண்ணீராலும் சுடுகிறான்," என்றார் தாணுமாலையன். "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவன் அந்த வகை."

"ஆமா, சொல்லுவாங்க," என்றாள் உலகம்மை. "ஆனா அண்ணாச்சி, அந்தத் தண்ணியில மொதல்ல கால் விடுறது மாடத்தி. அவன் பெண்டாட்டி. அவளைப் போட்டு அவிப்பானா?"

"அதுதான் தந்திரம். யாருக்கும் சந்தேகம் வராதல்லவா?"

இவ்வளவு படித்தவரிடம் தர்க்கத்தில் ஜெயிக்க முடியாது. உலகம்மை முயலவில்லை.

*

பேச்சிமுத்து மாடத்தியை முதுகில் சுமந்துகொண்டுதான் அந்த மடத்துக்கு வந்தான். முப்பத்துமூன்று நாள் ஆகிறது. வைத்தியத்துக்குக் கைம்மாறாக அடுப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டான்.

வந்தபோது அவளால் ஒரு சோற்றுப் பருக்கையைப் பிடிக்க முடியவில்லை. இருபத்தெட்டாம் நாள் தன் கொண்டையைத் தானே முடிந்தாள். அன்று பேச்சிமுத்து எல்லோருக்கும் பனங்கற்கண்டு கொடுத்தான்.

நான்கு நாளாக அவள் விரல்கள் மறுபடி இறுகிக்கொண்டு வந்தன. நேற்றுக் கொண்டையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

அவனை அனுப்பினால் அவளும் போவாள். முதுகில்தான்.

*

"இன்னொன்றும் சொல்ல வேண்டும்," என்றார் தாணுமாலையன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தற்பெருமையாக நினைக்கக் கூடாது."

"நினைக்க மாட்டேன். சொல்லுங்க."

"என் கை விழித்துக்கொண்டுவிட்டது."

"எப்படி?"

"சாதனை முற்றினால் புலன்கள் நுணுகும் என்று ஏட்டில் இருக்கிறது. காற்று பட்டால் தெரிகிறது. வேட்டி உரசினால் தெரிகிறது. நேற்று ஓர் எறும்பு என் புறங்கையில் ஏறியது. ஒவ்வொரு காலாக அது எடுத்து வைப்பதை எண்ணினேன்."

"எத்தனை கால்?"

"ஆறு."

"சரியாத்தான் இருக்கு."

"பாருங்கள், நிறமும் மாறியிருக்கிறது. ஒரு தேஜஸ்."

வலக்கையை நீட்டினார். அது சிவந்திருந்தது. லேசாக உப்பியிருந்தது. விரல் இடுக்குகளில் கடுகு கடுகாக ஏதோ பூத்திருந்தது.

உலகம்மை ஒரு நொச்சி இலையை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"ஸ்ஸ்ஸ்," என்றார்.

"இடது கை?"

இடது கையையும் நீட்டினார். அதன் மேலும் ஓர் இலை விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. அவர் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கைக்கு ஞானம் எப்போ வரும், அண்ணாச்சி?"

"பதம் பார்ப்பது வலக்கைதானே, தாயே? சாதனை செய்த கைக்குத்தான் சித்தி. செய்யாத கைக்கு எப்படி வரும்?"

உலகம்மை இரண்டு இலைகளையும் எடுத்துக் கூடையில் போட்டாள்.

"சரி. பேச்சிமுத்துவை அனுப்பிடலாம்."

தாணுமாலையன் இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஏழு ஆதாரங்களை வைத்திருந்தார்.

"நாளைக்குக் காலையில. தொட்டிப் பக்கத்துல. நீங்க பதம் பாத்துட்டு, சுட்டுச்சுன்னா, நீங்களே உங்க வாயால அவன்கிட்ட சொல்லிடுங்க. மாடத்தியும் அங்கதான் இருப்பா."

"நானா?"

"சுடுறது உங்க கைதானே?"

*

காலையில் பேச்சிமுத்து கொப்பரையிலிருந்து நீரை முகந்து தொட்டியை நிறைத்தான். மாடத்தி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முடிக்காத கூந்தல் தோளில் கிடந்தது.

தாணுமாலையன் வந்து கிழக்கே பார்த்து நின்றார். வலக்கையை நீரில் விட்டார். எடுத்தார். எடுத்தார் என்பதைவிட, அது வந்துவிட்டது என்பது பொருத்தம்.

"சூடு!"

"ஒரு குடம் விடு, பேச்சிமுத்து," என்றாள் உலகம்மை.

ஒரு குடம் பச்சைத் தண்ணீர் விட்டான்.

"சூடு!"

"இன்னொண்ணு."

"சூடு!"

நான்காவது குடத்தில் ஆவி நின்றுவிட்டது. ஆறாவது குடத்தில் ஒரு தவளை தொட்டி ஓரத்தில் ஏறி உட்கார்ந்து உள்ளே குதிக்கலாமா என்று யோசித்தது.

"இன்னும் சூடுதான்," என்றார் தாணுமாலையன். ஆனால் தவளையைப் பார்த்தார்.

"அய்யா," என்றான் பேச்சிமுத்து, "இது ஆத்துத் தண்ணிய்யா. இதுக்கு மேல குளுருணும்னா நான் மலை உச்சிக்குத்தான் போவணும்."

"போகத்தான் போகிறாய்," என்று வாய்க்குள் சொன்னார் அவர்.

உலகம்மை பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, மடத்து விதி என்ன? பதம் பாக்குறவரோட கைன்னுதானே?"

"ஆம்."

"எந்தக் கைன்னு சொல்லியிருக்கா?"

அவர் யோசித்தார். விதியை வார்த்தை வார்த்தையாக நினைவுக்குக் கொண்டுவந்தார்.

"இல்லை. கை என்று மட்டும்தான் இருக்கிறது. ஒருமையில். வலம், இடம் என்ற விசேடணம் இல்லை."

"அப்போ இடது கையை விடுங்க."

விட்டார்.

வெகுநேரம் அந்தக் கை வெளியே வரவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"குளிர்கிறது," என்றார்.

மாடத்தி கணவனைப் பார்த்தாள். பேச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

"தண்ணி ஒண்ணுதான்," என்றாள் உலகம்மை. "ரெண்டு கையும் உங்களோடதுதான். நான் எந்தக் கை சொல்லுறதைக் கேக்கணும்?"

சாதாரண மனிதராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். தாணுமாலையன் படித்தவர்.

"வலக்கையை," என்றார்.

"ஏன்?"

"இடக்கை மந்தம், தாயே. அதற்குப் பயிற்சி இல்லை. வலக்கையோ ஞானத்தில் விழித்துக்கொண்ட கை; எறும்பு ஏறினால் அதன் கால்களை எண்ணும். கண் மங்கியவனும் கூர்மையாகப் பார்ப்பவனும் ஒன்றைப் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னால், நாம் யாரை நம்புவோம்?"



பேச்சிமுத்து கையிலிருந்த குடத்தைக் கவிழ்த்து வைத்தான். இடுப்பில் கட்டியிருந்த அடுப்புத் துணியை அவிழ்த்து, உதறி, மடித்துக் குடத்தின் மேல் வைத்தான்.

"அம்மா, நான் போயிடுதேன்," என்றான். "அய்யா கையைப் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். பன்னெண்டு வருசம் பதம் பாத்த கை. ஒரே ஒரு உவகாரம். இவளை மட்டும் மிச்சம் பதினாலு நாளும் இங்க வச்சுக்கிடுங்க. மண்டலம் முடிஞ்ச பொறவு வந்து தூக்கிட்டுப் போறேன்."

"தூக்கிட்டா?" என்றாள் மாடத்தி. "அப்போ நான் நடக்க மாட்டேன்னே முடிவு பண்ணிட்டீரா?"

"இல்லட்டி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நல்லாச் சொன்னீரு."

பிறகு அவள் தாணுமாலையன் பக்கம் திரும்பினாள். அவருடைய வலக்கையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவருக்குக்கூடத் தெரிந்தது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல அய்யா. நானும் நாலு மாசம் ஞானியா இருந்தேன். அது ஞாபகம் வந்துட்டு."

"நீயா?"

"போன ஆனியில. ரெண்டு முழங்காலும் பனங்காய் கணக்கா வீங்கிட்டு. அப்போ எனக்கும் இப்படித்தான் எல்லாம் தெரிஞ்சுது. ஈ உக்காந்தா அம்மியைத் தூக்கி வச்சாப்பல இருக்கும். யாராச்சும் வாசல்ல நடந்தா எனக்கு எலும்புக்குள்ள நடப்பாங்க. ஒருநாள் குளுருதுன்னு இவரு வந்து ஒரு பழஞ்சேலையை எடுத்துக் காலு மேல போத்துனாரு."

"பிறகு?"

"ஆளு பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டுட்டாருன்னு நினைச்சேன். கையில கெடச்ச செம்பை எடுத்து எறிஞ்சேன். பாருங்க."

பேச்சிமுத்து தலையைக் குனிந்து காட்டினான். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. காட்டுவதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நாலு மாசமும் இவரு என்னைக் கொல்லப் பாக்காருன்னே இருந்தேன். எங்க அண்ணனுக்குச் சொல்லி விட்டேன். பஞ்சாயத்து வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

"நிக்க முடிஞ்சாத்தானே?" என்றான் பேச்சிமுத்து.

"சும்மா இரும். பொறவு வீக்கம் வடிஞ்சுது அய்யா. இவரு மறுபடி வந்து போத்துனாரு."

"அதே சேலையா?" என்று கேட்டார் தாணுமாலையன்.

"அதே சேலைதான்."

"நன்றாகத் தெரியுமா? வேறு சேலையாக இருக்கக் கூடாதே?"

"என்கிட்ட இருந்ததே ஒண்ணுதான் அய்யா. பஞ்சு மாதிரி இருந்துச்சு."

தாணுமாலையன் தன் வலக்கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

தேஜஸ் அரித்தது.

*

உலகம்மை அந்தக் கையை மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்தாள். நக ஓரங்களில் கறுப்பாகக் கறை இருந்தது.

"துண்டுல எதால எழுதுனீங்க, அண்ணாச்சி?"

"சேராங்கொட்டைப் பால். சலவைக்காரர் குறி போட வைத்திருப்பது. எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது."

"சலவைக்காரர் வேற ஒண்ணும் சொல்லலையா?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். பட்டால் இரண்டு நாள் கழித்துத் தோல் வெந்துபோகும் என்றார்."

"தடவுனீங்களா?"

"எழுதிப் பழகாதவர்களுக்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன்."

பேச்சிமுத்து சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

உலகம்மை தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னாள். தடவினாள். ஒவ்வொரு தடவலுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

"அப்படியானால் என் கை நான்கு நாளாகப் பொய் சொன்னதா, தாயே?"

"இல்லையே. ஒரு சொல் பொய் சொல்லலை."

"சுடுகிறது என்றதே?"

"சுட்டுச்சுல்லா?"

"சுட்டது."

"அப்போ மெய்தானே?"

"ஆனால் தண்ணீர் சுடவில்லை."

"கை தண்ணியைப் பத்திப் பேசுதுன்னு நீங்களா நினைச்சுக்கிட்டா அது என்ன செய்யும்?"

தாணுமாலையன் வாயைத் திறந்தார். மூடினார். அன்று காலை அவர் செய்த முதல் தவம் அது.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "காயம் பட்டது தோலில். நரம்பு ஏன் இப்படி மாறுகிறது?"

"ஒரு தெருவுல திருட்டுப் போயிட்டுன்னு வைங்க. அன்னைக்கு ராத்திரி அந்தத் தெருவுல யாரு தூங்குவா? பூனை நடந்தாலும் விளக்கை ஏத்துவாங்க. ஓலை அசைஞ்சாலும் கம்பை எடுப்பாங்க. பத்து வருசமா ஒரு சத்தத்துக்கும் எழுந்திரிக்காத மனுசன்கூட அன்னைக்கு எழுந்து உக்காந்துக்கிடுவான். பக்கத்துத் தெருக்காரனும்தான்."

"அது தவறா?"

"காவல் எப்படித் தவறாகும்? தொடாதே தொடாதேன்னு அது கத்துறதாலதானே புண்ணு ஆற முடியுது? நல்ல காவல்தான்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"பூனையைக் கட்டி வச்சு உதைக்காம இருந்தாப் போதும்."

பேச்சிமுத்து மடித்து வைத்த அடுப்புத் துணியை மறுபடி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கொதிநீர் முகந்து வந்து தொட்டியில் சேர்த்தான்.

ஒன்பது நாள் இடக்கை பதம் பார்த்தது. அதற்கும் கொஞ்சம் சாதனை ஆகட்டும் என்றாள் உலகம்மை.

*

சிவப்பு வடிந்தது. தோல் உரிந்தது. புதுத்தோல் வந்தது. எறும்பு ஏறினால் அதற்கு எத்தனை கால் என்று தெரியாத பழைய நிலைமைக்குக் கை திரும்பியது.

பத்தாம் நாள் தாணுமாலையன் வலக்கையை நீரில் விட்டார். விட்டு வைத்திருந்தார். அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

"பதம்," என்றார்.

மாடத்தி கையையும் காலையும் அமிழ்த்தினாள். முந்தின நாளே அவள் கொண்டையை முழுதாக முடிந்து, அதில் ஒரு கனகாம்பரத்தையும் செருகியிருந்தாள். இன்னும் நான்கு நாளில் மண்டலம் முடியும்.

அன்று பகலில் தாணுமாலையன் முற்றத்துக்கு வந்தார். உலகம்மை பாயில் உலர்ந்த சுக்கை வகைபிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சிமுத்துவை அனுப்பிவிட வேண்டும், தாயே," என்றார்.

சுக்குத் துண்டு ஒன்று அவள் கையிலிருந்து நழுவியது.

"தண்ணி சுடுதா?"

"தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. மாடத்திக்கு மண்டலம் முடியட்டும். அது தர்மம். அதற்கு மறுநாள் அனுப்பிவிடலாம். அவனோ இங்கேயே தங்கிவிடப் போகிறேன் என்கிறான். அடுப்பு அவனுக்குப் பிடித்துவிட்டதாம்."

"எனக்கும் அவனைப் பிடிச்சுத்தான் இருக்கு. என்ன செஞ்சான்?"

"பேசுகிறான்."

"என்ன பேசுதான்?"

"இடிசொல். குத்திக் குத்திப் பேசுகிறான். எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்பது நாளில் பதினான்கு."

"ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, கேப்போம்."

"முந்தாநாள் விறகைக் காட்டி, 'இது ஈரம், பத்தாது' என்றான்."

"விறகுதானே?"

"விறகுதான். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்."

"சரி. வேற?"

"நேற்று எனக்குச் சோறு போட்டுவிட்டு, 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டா' என்றான். நான் நிறையச் சாப்பிடுகிறேன் என்று நான்கு பேர் முன்னால் காட்டுகிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போதும் என்று எழுந்துவிட்டேன். பசி இருந்தது."

உலகம்மை சுக்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் தெரியவில்லை.

"இன்னைக்கு?"

"இன்று சொன்னதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. சொல்லவே நாக் கூசுகிறது."

"பரவாயில்லை அண்ணாச்சி. நான் கேக்காத வசவா?"

தாணுமாலையன் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

"காலையில் நான் அடுப்படியைத் தாண்டிப் போனேன். தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, 'நல்லா இருக்கீங்களா அய்யா' என்றான்."

உலகம்மை காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்," என்றார்.

"எப்படிச் சொன்னான்?"

"ஒரு மாதிரி."

"எந்த மாதிரி? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து நின்றார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா, அய்யா!"

"இப்படியா சொன்னான்?"

தாணுமாலையன் சொல்லில் கவனமானவர். பிறர் சொன்னதை மாற்றிச் சொல்லுவது அவரால் முடியாத காரியம். தலையை அசைத்தார்.

"இல்லை. இவ்வளவு உரக்க இல்லை."

"பின்னே?"

"நல்லா இருக்கீங்களா அய்யா," என்றார். இந்த முறை கடுமை இல்லை. அதுவும் சரியாக வரவில்லை போலிருந்தது. மூன்றாம் தடவை சொல்லிப் பார்த்தார், யாருக்கோ சொல்வது போல அல்ல, யாரோ தனக்குச் சொல்வது போல.

"நல்லா இருக்கீங்களா அய்யா."

முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. எங்கோ ஒரு கொண்டைக்குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அனுப்பிடவா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் உலகம்மை.

அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கமாக நடந்தார்.

பேச்சிமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் எழுந்திருக்கப் போனான்.

"இரு, இரு," என்றார் தாணுமாலையன். "காலையில் நீ ஒன்று கேட்டாய்."

"நானாய்யா?"

"நன்றாக இருக்கிறேனா என்று."

"ஆமாய்யா. நீங்க ஒண்ணும் சொல்லாமப் போயிட்டீங்க."

"இல்லை, பேச்சிமுத்து," என்றார் அவர். "இன்னும் முழுதாக ஆறவில்லை."

பேச்சிமுத்து அவருடைய வலக்கையைப் பார்த்தான். அது நன்றாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சாம்பல் கூடையைத் தள்ளி வைத்து, பக்கத்தில் அவர் உட்கார இடம் பண்ணினான்.

"சரிய்யா," என்றான். "அப்போ நான் கொஞ்சம் மெதுவாப் பேசுதேன்."